பத்திரிகை வைக்கப் போன வழியில்

கல்யாண சீசன் வந்தா இப்போ மனோரா பக்கம் போகவே முடியலை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கின்னு எல்லா ஊரிலிருந்தும் நிச்சயமான ஜோடிகள் கேமராக்காரரோட வந்து இறங்குறாங்க. மேலே ட்ரோன் சுத்துது. கீழே பொண்ணு தரையைக் கூட்டுற மாதிரி நீளமா ஒரு கவுன் போட்டுக்கிட்டுப் படியில் ஏறி இறங்குது. இன்னும் கொஞ்சம் வசதி இருந்தா தனுஷ்கோடி வரைக்கும் போயிட்டு வர்றாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கு. நான் குறை சொல்லலை.

சென்னையில் இருக்கிற நண்பர் ஒருத்தர் இதையெல்லாம் பார்த்துட்டு, "நீங்க ரெண்டு பேரும் இப்படி எங்கயாவது போனீங்களா?"ன்னு கேட்டார். போனோம். வேதாரண்யத்துலேர்ந்து ராமேஸ்வரம் வரைக்கும், 250 கிலோமீட்டருக்கு மேலே, பெரும்பாலும் கடலோரச் சாலையிலேயே. கல்யாணத்துக்கு 23 நாள் இருந்தது. ஆனா கேமராக்காரர் கிடையாது. பின்சீட்டில் மச்சான் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் ஒரு தாம்பாளம், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பை நிறைய கல்யாணப் பத்திரிகை.

எங்க பக்கம் பத்திரிகை வைக்கிறதுன்னா, சும்மா கையில் கொடுத்துட்டு வர்றது இல்லை. தாம்பாளத்தில் வெத்தலை பாக்கு, பழம், பூ, குங்குமம் எல்லாம் வச்சு, மேலே பத்திரிகையை வச்சு, வீட்டுப் பெரியவங்க ஜோடியாப் போய் நின்னு, "குடும்பத்தோட வந்துடணும்"னு வாயால் அழைக்கணும். தபாலில் அனுப்பினா, "எங்க வீட்டு வாசல் தெரியலையாமா?"ன்னு கேட்டு, கல்யாணத்துக்கு வராமலே இருந்துடுவாங்க. பொண்ணே தன்னோட கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போறது, அதுவும் மாப்பிள்ளையோட ஒரே வண்டியில் போறது, எங்க ஊரில் நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்களுக்கு அது நடந்ததுக்குக் காரணம் கஜா புயல்.

எங்களுக்கு நிச்சயம் ஆனது 2018 ஆவணியில். அதுக்கு முன்னாடி எனக்கு 11 இடம் தட்டிப் போயிருந்தது. தரகர் ஒவ்வொரு வீட்டிலும் நடந்த பேச்சை வந்து அப்படியே சொல்லுவார். "பையன் என்ன பண்றாப்ல?" "விவசாயம்." "அது சரி, வேலை என்ன?" இதுக்கு மேலே பேச்சு நகராது. பன்னிரண்டாவது இடம் வேதாரண்யம் பக்கத்தில் ஒரு கிராமம். அவங்க அப்பாவும் விவசாயி, முல்லைத் தோட்டம் வச்சிருக்கார். பொண்ணு பி.காம். முடிச்சுட்டுத் திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. அவங்க வீட்டில் சம்மதிச்சதுக்குக் காரணம் என் முகம் இல்லை. 4 ஏக்கர் தென்னந்தோப்பு. ஏக்கருக்கு 70 மரம், மொத்தம் 280. எல்லாம் என் தாத்தாவும் அப்பாவும் வச்சது. தென்னைன்னா எங்க பக்கம் மாசச் சம்பளம் மாதிரி. 45 நாளைக்கு ஒரு வெட்டு, வெட்டினதும் வியாபாரி பணம் கொடுத்துட்டுத்தான் லாரியை எடுப்பார். "தென்னந்தோப்பு மாப்பிள்ளை"ன்னுதான் அவங்க சொந்தத்தில் என்னைச் சொல்லிக்கிட்டாங்க.

நவம்பர் 16 விடியற்காலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி, எங்க பக்கம் வழியா மேற்கே போச்சு. ராத்திரி முழுக்க வெளியே மரம் முறியுற சத்தம். டமார் டமார்னு வேட்டுச் சத்தம் மாதிரிதான் இருந்தது. விடிஞ்சு போய்ப் பார்த்தா எங்க தோப்பில் வானம் தெரியுது. அதுவரைக்கும் அங்கே நின்னு மேலே பார்த்தா மட்டைதான் தெரியும். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. கொத்துக் கொத்தா நார்வேர்தான். ஈர மண்ணில் காத்து தலையைப் பிடிச்சு ஆட்ட ஆட்ட, பாதி மரம் வேரோட சாஞ்சது, மீதி நடுவில் முறிஞ்சது. எண்ணிப் பார்த்தேன். 31 மரம் நின்னுது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடுன்னு எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். ஒரு ஊருக்கே ஒரே ராத்திரியில் சம்பளம் நின்னு போச்சு.

அவங்க வீட்டில் ஓடெல்லாம் பறந்துடுச்சு. ஓடு மாத்த மேலே ஏறின அவங்க அப்பா விழுந்து, கால் எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்டு உட்கார்ந்துட்டார். மின்சாரம் இல்லை, போன் டவர் இல்லை. ஒன்பதாவது நாள்தான் அவள் போன் பண்ணினாள். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" "இருக்கோம்." "தோப்பு?" "31 நிக்குது." கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எங்க வீட்ல ஓடு போயிடுச்சு. அப்பா கீழ விழுந்துட்டாங்க. அப்புறம் பேசுறேன்"னு வச்சுட்டாள்.

அடுத்த வாரம் தரகர் மூலமா ஒரு சேதி வந்தது. அவங்க பெரியப்பா சொன்னாராம்: "தோப்பைப் பார்த்துத்தானே கொடுத்தோம். இப்ப தோப்பே இல்லையே. ஒரு ரெண்டு வருஷம் தள்ளிப் பார்ப்போம்." ரெண்டு வருஷம் தள்ளினா அந்தக் கல்யாணம் நடக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். அவர் மேலே எனக்குக் கோபம் வரலை. எனக்கு ஒரு தங்கச்சி இருந்து, மாப்பிள்ளைக்கு இப்படி ஆகியிருந்தா நானும் யோசிச்சிருப்பேன்.

அதுக்கு அவள் சொன்ன பதிலைப் பின்னாடி மச்சான் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். "தள்ளுறதா இல்லையான்னு நான் அவர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன். அப்பாவால கார்ல உட்கார முடியாது. மணமேல்குடி, தொண்டி, ராமேஸ்வரம் சொந்தத்துக்கு யார் பத்திரிகை வைக்கிறது? நானே போயிட்டு வர்றேன். அவரையும் வரச் சொல்லுங்க, அவங்க பக்கத்துச் சொந்தமும் அந்த வழியிலதான் இருக்கு." வீட்டில் ஒரே சத்தம். கடைசியில் அவங்க அப்பாயிதான் தீர்ப்புச் சொல்லியிருக்கு: "போயிட்டு வரட்டும். தொணைக்குத் தம்பி போகட்டும்."

சித்தப்பாவோட பழைய ஆம்னி வண்டியை வாங்கிக்கிட்டு, தை மாசம் ஒருநாள் விடியற்காலையில் அவங்க ஊருக்குப் போனேன். முதலில் உப்பளத்து ஓரம் இருக்கிற ஒரு சொந்தக்கார வீட்டில் பத்திரிகை வச்சோம். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த வேதாரண்யம்தான் இது. வழக்கமா தை மாசம் பாத்தி கட்டி, தண்ணி விட்டு வேலை சுறுசுறுப்பா நடக்கும். அந்த வருஷம் கடல் கொண்டுவந்து கொட்டின கறுப்புச் சேறு பாத்தியெல்லாம் மூடிக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர் சேத்தை வாரிக்கிட்டே, "சேறு போச்சுன்னா உப்பு வந்துடும்மா. உனக்குக் கல்யாணம் முடியுறதுக்குள்ள ஒரு வெள்ளை பார்த்துடலாம்"னு அவள்கிட்ட சொன்னார்.

இடும்பாவனம் வழியா முத்துப்பேட்டைக்கு வண்டி ஓட்டினேன். மச்சான் காதில் பாட்டை மாட்டிக்கிட்டு அரை மணி நேரத்தில் தூங்கிட்டான். தூங்கினானா, தூங்குற மாதிரி இருந்தானான்னு இன்னைக்கு வரைக்கும் அவன் சொல்லலை. நாங்க ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி நேரில் பேசினதே மூணு தடவைதான், அதுவும் சுத்தி ஆள் வச்சுக்கிட்டு. நான் அவளை "நீங்க"ன்னுதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ரோட்டு ஓரமெல்லாம் சாஞ்ச தென்னை. சில இடத்தில் அறுத்து அடுக்கி வச்சிருந்தாங்க, வாங்கத்தான் ஆள் இல்லை. முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு பக்கம் பார்த்தா, எப்பவும் கரும்பச்சையா இருக்கிற காடு தீப்பிடிச்ச மாதிரி பழுப்பா நின்னுது.

நான்தான் ஆரம்பிச்சேன். "உங்க பெரியப்பா சொன்னது தப்பில்லைங்க. நீங்க எதையும் மனசுல வச்சுக்காம முடிவு பண்ணலாம். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவள் ரோட்டையே பார்த்துக்கிட்டு, "அதுக்குத்தான் நோட்டு எடுத்துட்டு வந்தேன்"னாள்.

கைப்பையிலிருந்து 80 பக்க நோட்டு ஒண்ணை எடுத்தாள். முதல் பக்கத்தில் கோடு போட்டு, ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. எழுதாமல் வச்சிருந்தாள். அதிராம்பட்டினம் தாண்டி மனோரா வர்ற வரைக்கும் அவள் கேட்டாள், நான் சொன்னேன். புயலுக்கு முன்னாடி செலவு போக வருஷத்துக்கு என்ன நின்னுது? ஒன்றே முக்கால் லட்சம். நெல்லு? அது ஒன்றரை ஏக்கர், வீட்டுச் சாப்பாட்டுக்குப் போக கொஞ்சம் விப்போம். நிவாரணம்? மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100. 249 மரத்துக்கு 2,73,900. அது வந்துடுச்சா? பாதி வந்திருக்கு. வெட்டி எடுக்க நிஜமா எவ்வளவு ஆகுது? அடிக்கட்டையோட எடுத்தா 500 பத்தாது. கடன்? சொசைட்டியில் 1,80,000.

"வேற?"

"அம்மா நகை 7 பவுன் அடகுல இருக்கு."

"எப்ப வச்சீங்க?"

"போன மாசம். கல்யாணச் செலவுக்கு."

அவள் பேனாவை மூடிட்டாள். வண்டி மனோராவில் நின்னது. மச்சான் எழுந்து கடலைப் பார்க்கப் போனான். நாங்க அந்தக் கோட்டைச் சுவர் நிழலில் நின்னோம். நெப்போலியன் தோத்துப் போனதைக் கொண்டாடுறதுக்காக சரபோஜி மன்னர் 1814–15 வாக்கில் கட்டின எட்டு அடுக்குக் கோபுரம் அது. எங்கேயோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு எங்க ஊர் மீன்பிடிக் கரையில் ஞாபகச் சின்னம். அவள் அண்ணாந்து பார்த்துட்டு, "நம்ம கல்யாணத்துல யாரு ஜெயிச்சதைக் கொண்டாட 7 பவுனை அடகு வைக்கிறோம்?"னு கேட்டாள். நான் பதில் சொல்லலை. "நம்ம கல்யாணம்"னு அவள் சொன்னது மட்டும்தான் என் காதில் விழுந்துச்சு.

சேதுபாவாசத்திரம் வந்ததும், "உங்க ஊருக்கு எந்தப் பக்கம் திரும்பணும்?"னாள். சொன்னேன். "தோப்பைப் பார்க்கணும்."

கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு மாப்பிள்ளை வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. தோப்பை மிதிக்கக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்லை. வண்டியைத் திருப்பினேன். மச்சானுக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. "அக்கா, அப்பாகிட்ட சொல்லாம..."ன்னான். "நான் சொல்லிக்கிறேன், நீ வா"ன்னாள்.

பாதித் தோப்பைத்தான் அதுவரைக்கும் காலி பண்ணியிருந்தேன். மீதி மரமெல்லாம் ஒண்ணு மேலே ஒண்ணு கிடந்தது. சாஞ்ச மரத்தில் செருப்பைக் கழட்டி வச்சுட்டு, அவள் உள்ளே நடந்தாள். முல்லைத் தோட்டத்துப் பொண்ணு, மண்ணைப் பார்க்கத் தெரியும். குனிஞ்சு ஒரு பிடி மண் எடுத்து நசுக்கிப் பார்த்தாள். "உப்புத் தண்ணி ஏறலையே?" "இல்ல, கடல் தண்ணி இங்க வரல." "கெணறு?" "நல்லாருக்கு. மோட்டார்தான் மரம் விழுந்து போச்சு." அப்புறம் அவங்க வீட்டுக் கதையைச் சொன்னாள். புயலில் முல்லைச் செடியெல்லாம் தரையோட படுத்துடுச்சு. அவங்க அப்பா முறிஞ்ச கிளையெல்லாம் நறுக்கி எடுத்துட்டு, "கவாத்து பண்ணின மாதிரி நெனச்சுக்க வேண்டியதுதான்"னாராம். வருஷா வருஷம் முல்லையைக் கவாத்து பண்ணித்தானே பூ எடுக்கிறோம், கட்டையிலிருந்து துளிர்த்துடும். "தென்னை அப்படித் துளிர்க்காதுல்ல?"ன்னு கேட்டாள். துளிர்க்காது. குருத்து போனா மரம் போச்சு. புதுசா வச்சா, நெட்டை ரகம் காய்க்க 6, 7 வருஷம். ஒட்டு ரகம்னா 4, 5.

"அப்ப அஞ்சு வருஷத்துக்குச் சோறு எங்கேருந்து வரும்? அதுதான் கேள்வி. மரம் போனது கேள்வி இல்ல."

நான் மூணு மாசமா மரம் போனதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான். எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் எத்தனை மரம் போச்சுங்கிற பேச்சுதான். அஞ்சு வருஷத்தைத் தனியா எடுத்து யாரும் கேட்கலை.

இதுக்குள்ள யாரோ போய்ச் சொல்லி, அம்மா வரப்பில் வந்து நின்னுச்சு. கையில் மூணு இளநீர். நின்ன 31 மரத்தில் ஒண்ணுலேர்ந்து பக்கத்து வீட்டுப் பையனை ஏத்திப் பறிச்சது. வீட்டுக்குக் கூப்பிடவும் முடியலை, கூப்பிடாமல் இருக்கவும் முடியலை. "வெயில்ல நிக்காதம்மா"ன்னு மட்டும் சொல்லுச்சு. அவள் இளநீரை வாங்கிக்கிட்டு, "அத்தை, உங்க நகையைத் திருப்பிடலாம். எனக்குக் கல்யாணத்துக்கு அது வேண்டாம்"னாள். அம்மா என்னைப் பார்த்துச்சு. நான் இளநீரைப் பார்த்தேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "பேரக் காப்பாத்த வேணாமா? ஊரைக் கூட்டிக் கல்யாணம் பண்ணுறோமே"ன்னுச்சு. "ஊரு வரட்டும் அத்தை. சோறு போடுவோம். வீடியோ, பிளக்ஸு, பேண்டு வேணாம்." மச்சான் அந்த நேரத்தில் போனில் ஒரு படம் எடுத்தான். சாஞ்ச மரத்து மேலே நான், அவள், பின்னாடி கலங்கின முகத்தோட அம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி எங்களை எடுத்த ஒரே படம் அதுதான்.

மணமேல்குடியில் என் சித்தி வீட்டில் மதியச் சாப்பாடு. காலையில் கட்டுமாவடி மார்க்கெட்டில் வாங்கின நண்டைக் குழம்பு வச்சு, கணவாயை வறுத்து வச்சிருந்தாங்க. சித்திக்கு நாங்க ஜோடியா வந்து நின்னதில் ஆச்சரியம். "காலம் மாறிப் போச்சு, இன்னும் ரெண்டு நண்டு வச்சுக்க"ன்னாங்க. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது.

அங்கேருந்து தெற்கே போகப் போக ரோட்டில் ஒரு மாத்தம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் வரைக்கும் ஆங்காங்கே சேதம் தெரிஞ்சது. மீமிசல் தாண்டினதும் ஓடு ஓடாவே இருக்கு, கூரை கூரையாவே இருக்கு. கருவேலமும் பனையும் இறால் பண்ணையுமா நிலமே வேற மாதிரி ஆயிடுச்சு. ஒரு மணி நேரத் தூரத்தில் இப்படி ஒண்ணுமே நடக்காத ஊர் இருக்கும்னு எனக்கு அதுவரைக்கும் தோணவே இல்லை. அவள் வேற ஒண்ணைக் கவனிச்சிருந்தாள். "காலையிலேர்ந்து பார்க்கிறேன். தென்னை விழுந்த இடத்துலகூட பனை நிக்குது." நிஜம்தான். எங்க ஊரிலும் ஏரிக்கரைப் பனை பெரும்பாலும் அசையலை. பனை வேர் ஆழமாப் போகும், தலையும் சின்னது, காத்துக்குப் பிடி கிடைக்காது. இது எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான். தெரிஞ்சும் 4 ஏக்கரில் ஒரு பனை வச்சதில்லை. வச்சா 15 வருஷம் காத்திருக்கணும், அதுக்குள்ள தென்னை ரெண்டு பங்கு கொடுத்துடுமேங்கிற கணக்குதான் எங்க எல்லாருக்கும்.

தொண்டியில் அவங்க மாமா வீட்டில் பத்திரிகை வச்சுட்டு, தேவிபட்டினத்தில் கடலுக்குள்ள நிக்கிற நவக்கிரகக் கல்லைக் கும்பிட்டுட்டு, பாம்பன் பாலம் ஏறும்போது இருட்டிடுச்சு. அந்தச் சமயம் பக்கத்து ரயில் பாலத்தில் பழுது, ரயிலெல்லாம் மண்டபத்தோட நின்னுக்கிட்டு இருந்தது. ராத்திரி தங்கச்சிமடத்தில் அவங்க அத்தை வீட்டில் தங்கினோம். அவளும் அத்தையும் உள்ளே, நானும் மச்சானும் மாமாவும் திண்ணையில்.

அந்த மாமா பிறந்தது தனுஷ்கோடியில். அவர் அப்பா அங்கே ரயில்வே ஸ்டேஷனில் போர்ட்டர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடிச்சப்போ அவருக்கு 8 வயசு. குடும்பமே முதல் நாள் ராமேஸ்வரத்துக்குச் சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்திருந்ததால் பிழைச்சாங்க. மறுநாள் காலையில் நாங்க மூணு பேரும் அவரைக் கூட்டிக்கிட்டு அரிச்சல்முனை போனோம். அங்கே வரைக்கும் தார்ரோடு 2017-லதான் வந்தது. அதுக்கு முன்னாடி மணலில் வேன் போகும். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கடல். இடப்பக்கம் பாக் நீரிணை குளம் மாதிரி கிடக்கு, வலப்பக்கம் மன்னார் வளைகுடா அடிச்சுக்கிட்டு இருக்கு. இடிஞ்ச சர்ச், இடிஞ்ச ஸ்டேஷன் எல்லாத்தையும் சுத்தி டூரிஸ்ட் கூட்டம்.

மாமா இடிஞ்ச சுவரைக் காட்டி ஒண்ணும் சொல்லலை. நாங்க கேட்டதும் அவர் சொன்னது இதுதான். "எங்க அக்காவுக்குத் தையில கல்யாணம் வச்சிருந்தாங்க. பொடவை, பாத்திரம் எல்லாம் இங்க வீட்டுலதான் இருந்துச்சு. எல்லாம் போச்சு. தேதியை மட்டும் அப்பா மாத்தல. மண்டபத்துல இரவல் பொடவையில தாலி கட்டினாங்க. மொத்தம் 12 பேரு சாப்பிட்டோம். மறுநாள் அப்பா மண்டபம் ஸ்டேஷனுக்கு வேலைக்குப் போயிட்டாரு." அவ்வளவுதான். அப்புறம் மச்சானுக்கு ஒரு சங்குக் கடையில் பேரம் பேசி பொம்மை வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது மச்சான் முன்சீட்டு கேட்டான். அவள் பின்னால் உட்கார்ந்து, நோட்டில் மீதியை எழுதினாள். ராமநாதபுரம் வர்றதுக்குள்ள படிச்சுக் காட்டினாள். ஒன்று, நகையை நிவாரணப் பணத்தில் முதலில் திருப்புறது, ஏன்னா அதுக்குத்தான் வட்டி ஜாஸ்தி. ரெண்டு, பட்டுக்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் அவள் வேலை தேடிக்கிறது, தோப்பு காய்க்கிற வரைக்கும் விடுறது இல்லை. மூணு, 4 ஏக்கரும் திரும்பத் தென்னையே வைக்கிறது இல்லை. 2 ஏக்கர் மட்டும் தென்னை, அதுக்கு ஊடே உளுந்தும் கடலையும். மீதியில் ஒரு ஏக்கர் வாழை. ஒரு ஏக்கரில் முல்லை. பூ பறிக்க அவங்க அம்மா வந்து சொல்லிக் கொடுப்பாங்க. நாலாவதைப் படிக்கலை. என்னன்னு கேட்டேன். "பெரியப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்னு எழுதியிருக்கேன்."

"நீ பேசுனா சரி"ன்னேன். "நீங்க" எப்போ "நீ" ஆச்சுன்னு தெரியலை. அவளும் ஒண்ணும் சொல்லலை. மச்சான் மட்டும் கண்ணாடியில் அக்காவைப் பார்த்துச் சிரிச்சான்.

பெரியப்பாகிட்ட அவள் நோட்டைத்தான் காட்டியிருக்கிறாள். அவர் கணக்கு தெரிஞ்ச மனுஷர். கடைசி வரைக்கும் படிச்சுட்டு, "வாழைக்குக் காத்தடிச்சா என்ன பண்ணுவீங்க?"ன்னு ஒரு கேள்வி கேட்டாராம். "அதுக்குத்தான் ஒரு ஏக்கரோட நிறுத்திட்டோம்"னாளாம். கல்யாணத்துக்கு முதல் ஆளா வந்து, பந்தியில் நின்னு பரிமாறினது அவர்தான்.

நினைச்சது எல்லாம் நடந்ததுன்னு சொல்ல மாட்டேன். புயலுக்கு அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் கன்று தேடினதில், எங்களுக்கு நல்ல கன்று கிடைக்கவே 2019 ஆவணி ஆயிடுச்சு. முதல் வருஷம் வாழையில் நஷ்டம். முல்லைக்கு எங்க மண் ஒத்துக்குச்சு, ஆனா விடியற்காலையில் பூப் பறிக்க ஆள் கிடைக்காமல் அரை ஏக்கராக் குறைச்சோம். கொரோனா சமயத்தில் கோயில் மூடி, கல்யாணம் இல்லாமல் பூவை வாங்க ஆளில்லை. ஆறு மாசம் அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அஞ்சு வருஷத்துக்குச் சோறு எங்கேருந்து வரும்னு அன்னைக்குத் தோப்பில் அவள் கேட்ட கேள்விக்கு, பாதிப் பதில் அவள் வேலைதான்.

வெச்ச 140 கன்றில் 126 பிழைச்சது. ஒட்டு ரகம் 2024-ல் பாளை விட்டது. 2025-ல் தேங்காய் விலை யாரும் நினைக்காத அளவுக்கு ஏறினப்போ எங்க மரமும் காய்க்க ஆரம்பிச்சிருந்தது. முதல் வெட்டுப் பணத்தை அம்மா கையில் கொடுத்தோம். அம்மா அதை அவள் கையில் கொடுத்துச்சு. அவள் நோட்டில் எழுதினாள். இப்போ அது ஆறாவது நோட்டு.

கல்யாணம் ஆன வருஷம் புரட்டாசியில், வேலியோரம் 60 பனங்கொட்டை போட்டோம். 41 முளைச்சு, விசிறி ஓலை விட்டு, இப்போ என் இடுப்பு உயரம் நிக்குது. அதுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி வச்சிருக்கிறாள். செலவுப் பக்கம் ஒரே ஒரு வரி, வேலி கட்டின கூலி. வரவுப் பக்கம் இன்னும் ஒண்ணும் எழுதலை.